கோட்டை மேடுகள் வழியே தெற்கே

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் மேஜர் ஜெனரல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்கு ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினி தன் செலவில் எழுப்பியது. அதில் திருச்சிராப்பள்ளி நகரத்தைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் அரசர்கள் முடிசூடுகிற கூரைக்குக் கீழே காவிரிக்கரை ஊர் ஒன்றும் கல்லில் நிற்கிறது.

அந்த லாரன்ஸின் படையில் பெயரெடுத்தவர் முகம்மது யூசுப் கான். ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்தவர். மருதநாயகம் என்று நாம் பேசுகிறவர். அவர் வீரத்துக்குக் கும்பினி தங்கப் பதக்கம் கொடுத்தது. பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பாளையக்காரர்களை அடக்க அனுப்பியது. அவர் எதிர்த்துத் திரும்பியதும், ஆற்காட்டு நவாபும் கும்பினியும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டு, அவரைப் பிடித்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். தளபதிக்கு லண்டனில் சலவைக்கல். அவருக்குக் கீழே போரிட்ட நம் ஊர்க்காரருக்கு மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு சிறு அடக்கத்தலம்.

யூசுப் கானின் போர்ப்பாதை எங்கள் செட்டியார்பட்டியை ஒட்டித்தான் போகிறது. இன்றைக்கு செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் தையல் மெஷின் சத்தம். இங்கே தைத்த நைட்டிகள் பல ஊர்களுக்கு லோடு ஏறுகின்றன. மேற்கே மலை. மலையடிவாரம் நெடுக சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று பழைய பாளையங்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் கர்னல்களும் மேஜர்களும் பீரங்கி இழுத்துக்கொண்டு இந்தப் பாதையில் வந்தார்கள். வந்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டும் போனார்கள். இங்கிலாந்துச் சரித்திரத்தில் பெயர் வாங்கியவர்களும் அவர்களுடைய கட்டடங்களும் எங்கள் சீமையில் எப்படி நிற்கின்றன, அவர்களால் இங்கே எவை நிற்காமல் போயின என்பதை வரிசையாகப் போய்ப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. பையில் கால்டுவெல் பாதிரியாரின் திருநெல்வேலிச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், பால்கோவா வாங்குகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். பென்னிங்டன் நூலகத்துக்குள் யாராவது நுழைந்தால் அது பெரும்பாலும் உள்ளூர்க்காரராகத்தான் இருக்கும். 1875-இல் தொடங்கிய நூலகம் இது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதற்குப் போனது. 1985-இல்தான் இப்போதைய விருதுநகர் மாவட்டம் வந்தது. ஆகவே நூலகத்துக்குப் பெயர் கொடுத்த ஜே.பி. பென்னிங்டன் திருநெல்வேலி கலெக்டர். தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் இது ஒன்று.

தொடங்கிய வருடத்தை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கும். அடுத்த வருடம் தாது வருஷம். தென்னாட்டையே சுருட்டிப்போட்ட பஞ்சம் அது. 1876 முதல் 1878 வரை மதராஸ் ராஜதானியில் ஜனங்கள் பட்ட பாட்டைக் கிழவிகள் சொல்லக் கேட்ட தலைமுறை எங்கள் பக்கம் சமீபம் வரை இருந்தது. கிணறுகள் வற்றி, கம்பும் சோளமும் கிடைக்காத அந்த வருடங்களையும் தாண்டி ஒரு வாசகசாலை பிழைத்திருக்கிறது. பிறகு ராஜாங்கமே மாறியது. ஜில்லா இரண்டு முறை மாறியது. 2025-இல் நூற்றைம்பது ஆண்டு நிறைந்தும் பலகையில் அதே பெயர். கலெக்டர்களின் பெயரைத் தெருவிலிருந்தும் சந்தையிலிருந்தும் எடுத்துப்போட்ட ஊர்கள் பல உண்டு. இங்கே எடுக்கவில்லை. பெயர் வெள்ளைக்காரருடையது, படித்ததும் காப்பாற்றியதும் உள்ளூர்க்காரர்கள் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். காலை நேரத்தில் நாளிதழ் மேஜையைச் சுற்றி வேட்டி கட்டிய பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் பையைப் பார்த்து, “வெளியூரா தம்பி? ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். செட்டியார்பட்டி என்றதும், “அப்ப வெளியூர் இல்ல” என்றார்.

இதே ஊரில் திருமலை நாயக்கரின் மகால் ஒன்று உண்டு. மதுரை மகாலின் சின்னத் தங்கச்சி போலிருக்கும். அதில் பல காலம் கோர்ட் நடந்தது. மதுரை மகாலிலும் அப்படித்தான்; இடிந்து கிடந்த அதை எடுத்துக்கட்ட உத்தரவிட்டவர் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு. கோர்ட்டும் கச்சேரியும் நடத்த இடம் வேண்டியிருந்ததால்தான் இந்த இரண்டு மகால்களும் தப்பின என்று எனக்குத் தோன்றுகிறது. தென்சீமையில் வெள்ளைக்காரர் காலத்தைத் தாண்டி எது நிற்கும், எது விழும் என்பதை அவர்களுடைய தேவை தீர்மானித்தது. நாயக்கர் மகால் தேவைப்பட்டது. பாளையக்காரரின் மண்கோட்டை தேவைப்படவில்லை.

அந்த மண்கோட்டைகளைத் தேடித்தான் மறுபடி தெற்கே திரும்பினேன். கொல்லங்கொண்டானில் டீக்கடைப் பெரியவர் ஒருவரிடம் கோட்டை இருந்த இடம் எது என்று கேட்டேன். “கோட்டை இருந்துச்சுன்னு சொல்லுவாக. நான் பாத்ததில்ல, எங்க ஐயாவும் பாத்ததில்ல” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். பார்த்திருக்க முடியாது. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மேன், பாளையக்காரர்கள் எல்லாரும் தங்கள் கோட்டைகளை இடித்துத் தள்ள வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி எந்தப் பாளையத்திலும் கோட்டை எழும்பக்கூடாது என்று உத்தரவு போட்டார். கல்லில் கட்டியிருந்தால் அடித்தளமாவது கிடைத்திருக்கும். மண் மண்ணோடு போய்விட்டது. எங்கள் சீமையில் இங்கிலாந்துச் சரித்திரத்தின் மிகப்பெரிய அடையாளம் எது என்று என்னைக் கேட்டால், கோட்டை இருந்த இடங்களில் இன்று தெரிகிற வெட்டவெளியைத்தான் காட்டுவேன்.

மண்கோட்டை என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. கருங்கல் மதில் பீரங்கிக் குண்டுக்குப் பிளக்கும், சில்லுச்சில்லாகச் சரியும். குழைத்து, படை படையாக ஏற்றி, வெயிலில் இறுக விட்ட மண்மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். மதிலைச் சுற்றி அடர்த்தியான முள்வேலி. உடைந்த இடத்தில் வைக்கோலும் மண்ணும் பனங்கட்டையும் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடலாம். 1755-இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு முன்னால் வந்து நின்று அதன் பாளையக்காரர் புலித்தேவரிடம் கப்பம் கேட்டார். தேவர் கொடுக்கவில்லை. ஹெரானிடம் இருந்த சின்ன பீரங்கிகளால் அந்த மதிலை ஒன்றும் செய்ய முடியவில்லை, திரும்பினார். இதற்கு முன்பே மதுரைக்குப் பக்கத்துக் கோயில்குடியில் அவர் படை கோயிலைச் சூறையாடி விக்கிரகங்களை எடுத்துக்கொண்டது. திரும்புகிற வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கி அடித்து விக்கிரகங்களை மீட்டார்கள். ஹெரானை அவருடைய சொந்தக் கும்பினியே ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையை விட்டு நீக்கியது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்ற கும்பினியின் சரித்திரக்காரர். தன் தரப்புத் தளபதியின் குற்றத்தை மறைக்காமல் எழுதியதற்காக ஓர்ம் மேல் எனக்கு மரியாதை உண்டு.

புலித்தேவர் சுற்றியிருந்த பாளையங்களை ஒரு கூட்டாகச் சேர்த்தார். சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அந்தக் கூட்டில் இருந்தன. எங்கள் பக்கத்து ஊர்கள் கும்பினியை எதிர்த்த முதல் அணியில் நின்றவை என்பதைச் செட்டியார்பட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யூசுப் கான் 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். புலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் சோதியில் கலந்துவிட்டார் என்பது ஜனங்களின் நம்பிக்கை. கோயிலில் அவர் பெயரால் ஒரு இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அவர் போன பிறகும் போர் ஓயவில்லை. 1767-இல் கர்னல் டொனால்டு கேம்பெல் மறுபடி வாசுதேவநல்லூர் முன்னால் பீரங்கி நிறுத்தினார். மதிலில் உடைப்பு விழுந்ததும் உள்ளே இருந்தவர்கள் துப்பாக்கிச் சூட்டைப் பொருட்படுத்தாமல் உடைப்பின் மேலேயே ஏறி நின்று வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்ததைக் கண்ணால் கண்டு வியந்து கேம்பெல் தலைமைக்கு எழுதினார். குண்டடிபட்டு ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அவர்கள் பெயர் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை. கேம்பெலுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நம் தரப்பில் எழுதி வைத்தவர்களும் இல்லை. இத்தனைக்கும் சேத்தூர் ஜமீனைச் சுற்றிப் புலவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பிற்காலத்தில் முகவூர்க் கவிராயர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேத்தூர் சமஸ்தானத்தில் பாடியது. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் பாடத் தெரிந்த சீமையில், உடைப்பை அடைத்தவர்களைப் பற்றி ஒருவரும் ஏடு எழுதவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சிவகிரியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. 1783-இல் கர்னல் வில்லியம் ஃபுல்லர்ட்டன் இந்த ஊருக்கு மேற்கே மலைக்காட்டுக்குள் மரங்களை வெட்டி வழி ஏற்படுத்திப் படை நடத்திப் போனார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்திருந்தார். அங்கே டச்சுக்காரர்களுக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் நடந்த உடன்படிக்கையின் மூலப் பிரதியே அவர் கையில் சிக்கியது. அது வீரபாண்டியக் கட்டபொம்மனின் தந்தை காலம். பஸ் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்தால், இதற்குள் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள் என்று மலைப்பாக இருக்கிறது. நெற்கட்டும்செவலில் அரசு எழுப்பிய புலித்தேவர் நினைவு மாளிகையைப் பார்த்துவிட்டு, சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், ஆற்றைத் தாண்டினேன்.

பாளையங்கோட்டையில் இங்கிலாந்தின் பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதில் எனக்கு மிகவும் பிடித்தது நம் நாட்டுப் பெண் ஒருவர் கட்டிய கோயில். கோகிலா என்ற பிராமண விதவை. தஞ்சாவூரில் உடன்கட்டை ஏற இருந்தவரை ஹென்றி லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவருடன் வாழ்ந்தார், அவரிடமே வேதம் கற்றார். லிட்டில்டன் இருக்கும்வரை ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். 1778-இல், லிட்டில்டன் இறந்த பிறகுதான் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயரானது. அவர் கட்டிய கோயில் 1785-இல் முடிந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். அவர் வெட்டிய கிணறு பாப்பாத்தி அம்மாள் கிணறு. சிறிய கோயில்தான். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர் விட்ட இடம் இது. இங்கிலாந்து அதிகாரி ஒருவரின் துணைவி என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் கையால் அது நடந்தது என்பதை இங்கிலாந்துத் திருச்சபையின் சரித்திரங்களும் மறைக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் சாரா தக்கர் கல்லூரி. சாரா தக்கர் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. உடல் நலிந்து இங்கிலாந்தில் வீட்டோடு இருந்தவர். சென்னையில் மிஷன் செயலாளராக இருந்த சகோதரர் எழுதிய கடிதங்களைப் படித்து, தென்னிந்தியப் பெண்பிள்ளைகளின் படிப்புக்குத் தன் தோழிகளோடு பணம் சேர்த்து அனுப்பினார். அதிலிருந்து பள்ளிக்கூடம், ஆசிரியப் பயிற்சி, 1895-இல் கல்லூரி. எங்கள் பக்கத்திலிருந்தும் பெண்கள் அங்கே விடுதியில் தங்கிப் படித்து டீச்சரானார்கள். பார்க்காத தேசத்துக்காக ஒரு பெண் இவ்வளவு செய்திருக்கிறார் என்று அந்தக் கேட்டின் முன்னால் நின்றபோது மனசார வணங்கத் தோன்றியது.

ஆனால் நான் பாளையங்கோட்டைக்கு வந்தது கோட்டைக்காக. இங்கே இருந்தது கல்கோட்டை, கும்பினியின் முக்கியமான தளம். பிற்காலத்தில் தேவை தீர்ந்ததும் அவர்களே இடித்துவிட்டார்கள். மிச்சங்களில் ஒன்று மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரார் சொல்லும் உயரமான கட்டடம். இந்தக் கோட்டைக்குள்தான் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 மாலை, மேஜர் காலின் மெக்காலேயின் வீட்டில் அதிகாரிகள் விருந்தில் இருந்த நேரம். மாறுவேடத்தில் ஊருக்குள் வந்திருந்த ஆட்கள் காவலாளிகளின் ஆயுதத்தைப் பறித்து, துரையையும் கூட இருந்தவர்களையும் விடுவித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த விருந்தில் இருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். அப்போது இளம் அதிகாரி, பிறகு ஜெனரல். 1830-இல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஊமைத்துரையை இன்று நாம் கண்முன் காண முடிகிறது என்றால் அது வெல்ஷின் பேனாவால். பேச்சும் கேள்வியும் இல்லாத அந்த மனிதர் தன் ஆட்களிடம் எப்படிப் பேசினார் என்று வெல்ஷ் விவரிக்கிறார்: சில துரும்புகளை இடது கையில் எடுத்துக்கொள்வார், அவை ஆங்கிலப் படை. எப்போது என்று சைகையால் காட்டுவார். பிறகு வலது கையால் துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து வாயால் ஒரு சீற்றம் எழுப்புவார். அதுதான் தாக்குதல் உத்தரவு. அதைக் கண்டு அவருடைய ஆட்கள் உயிரைத் துச்சமாக நினைத்துப் பாய்வார்கள். ஊமைத்துரை சிறை இருந்த இதே பாளையங்கோட்டையில், தொண்ணூறு சொச்சம் வருடம் கழித்து, 1890களில், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றும் நடக்கிறது. இரண்டையும் ஒரே பகலில் பார்த்தேன். ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று எந்தச் சரித்திரமும் சொல்லாது. எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் மனதில் நிற்கின்றன.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டப்பிடாரம் வழியாகப் போனேன். ஓட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர், அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. அதே ஊரில் 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சி மதிலைத் தாக்கி இறந்த ஆங்கில அதிகாரிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. பானர்மேனின் முதல் தாக்குதல் அது; முழுத் தோல்வி. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியோடு போட்டியிட்டுக் கப்பல் விட்டவரின் வீடும், கும்பினிக்காக உயிர் விட்ட இளைஞர்களின் கல்லறைகளும் ஒரே ஊருக்குள். அந்த லெப்டினன்ட்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருந்திராது. எந்த மேனர் வீட்டிலிருந்தோ, எந்தப் பாதிரியார் வீட்டிலிருந்தோ கப்பலேறி வந்து, பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாத ஊரின் மண்மதிலில் செத்துப்போனார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்குச் சேதி போய்ச் சேர ஆறு மாதமாவது ஆகியிருக்கும். கல்லறைகளைச் சுற்றி உடைமுள் மண்டக் கூடாது, பராமரிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எதிரியின் பிணத்துக்கும் இடம் கொடுத்த மண் என்பது இந்த ஊருக்கு ஒரு கௌரவம்.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது இருக்கும் கோட்டை 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டியது. பழைய கோட்டை 1799-இல் ஒருமுறை இடிக்கப்பட்டது. சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையின் ஆட்கள் ஆறே நாளில் அதைத் திரும்ப எழுப்பினார்கள். இரவு பகலாக மண் சுமந்திருக்கிறார்கள். துரத்திக்கொண்டு வந்த மெக்காலே, இடித்த இடத்தில் மறுபடி மதில் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். 1801 மார்ச் 31 அன்று ஏறித் தாக்கிய கும்பினிப் படை கடும் இழப்போடு விரட்டியடிக்கப்பட்டது. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. கும்பினியின் பீரங்கிக்கு முன்னால் அந்த மண்மதில் மாதக்கணக்கில் நின்றது. அதைக் கட்டியவர்கள் கைகளில் மண்வெட்டியும் கடகப்பெட்டியும் தவிர வேறு என்ன இருந்திருக்கும்?

கோட்டை விழுந்த அன்று மாலை நடந்தது என்று வெல்ஷ் எழுதியதும் கால்டுவெல் திரும்பச் சொன்னதும் ஒரு கதை. போர்க்களத்தில் தன் மகனைத் தேடி ஒரு கிராமத்துத் தாய் வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தண்ணீர் கொடுத்துத் தூக்கப் போனவளிடம், என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டுத் துரையைத் தூக்கிப் போனாள். கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை வார்த்துச் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தாள். அம்மை என்றதும் ஒருவரும் அண்டவில்லை. துரை பிழைத்தார். மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்களும் வீழ்ந்த பிறகு பிடிபட்டு, 1801 நவம்பர் 16 அன்று இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் கேட்டு எழுதியிருந்தால் அவருடைய புத்தகம் முழுவதையும் அதற்காகவே தலையில் வைத்துக் கொண்டாடுவேன். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று நன்றியோடு எழுதுகிற மனிதர் அவர். கற்றுக்கொடுத்தவருக்கு எதிராகவே படையில் போனதையும், அவர் தூக்கு மேடைக்குப் போனதையும் அதே மனசோடு எழுதுகிறார். அதில் வேஷம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ். அவருடைய குடும்ப மாளிகையான பொவிஸ் கோட்டை வேல்ஸ் நாட்டில் மலைச்சரிவின் மேல் கம்பீரமாக நிற்கிறது. திப்பு சுல்தானின் கூடாரம்கூட அங்கே இருக்கிறது. நூற்றாண்டுகள் பழைய அந்தக் கோட்டையைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். போகட்டும், பார்க்கட்டும். அந்தக் கோட்டைக்காரர் கையெழுத்துப் போட்ட காலத்தில் எங்கள் சீமையில் ஒரு கோட்டைகூட மிச்சம் வைக்கப்படவில்லை என்பதையும் அங்கே ஒரு பலகையில் எழுதி வைத்தால் அது முழுச் சரித்திரமாகும். கொல்லங்கொண்டானிலும் ஒரு பலகை வேண்டும். அதை வைக்க லண்டனைக் கேட்க வேண்டியதில்லை, நம் பஞ்சாயத்தும் தொல்லியல் துறையும் மனது வைத்தால் போதும்.

கயத்தாறில் கட்டபொம்மனுக்கு 1970-இல் சிவாஜி கணேசன் தன் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரியும். அதைக் கும்பிட்டுவிட்டு, தெற்குக் கோடிக்கு, இடையன்குடிக்குப் போனேன்.

இடையன்குடி தேரிக்காட்டு ஊர். செம்மணலும் பனையும். ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்து, 1838-இல் சென்னைக்கு வந்தார். ஜனங்களையும் பேச்சையும் அறிய வேண்டும் என்று தெற்கு நோக்கி நடந்தே பயணம் செய்து, 1841-இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுப்பிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1847-இல் அஸ்திவாரம் போட்டு 1880-இல் பிரதிஷ்டை ஆனது. மணல் காட்டுக்கு நடுவே ஓங்கின கூர்முனை வளைவுகள். இங்கிலாந்தின் கிராமப்புறக் கோயிலொன்றைப் பனங்காட்டுக்கு நடுவில் காண்கிற மாதிரி. ஆனால் கல் உடைத்ததும் அடுக்கியதும் இந்த ஊர்க் கைகள். கொடைக்கானலில் 1891-இல் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், “உள்ள வாங்க அண்ணாச்சி, செருப்ப மட்டும் கழட்டிருங்க” என்று கூட்டிப்போய்க் காட்டினார். அவர் மனைவி எலைசா இந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தையலால் பிழைக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தச் செய்தி கால்டுவெல்லின் இலக்கணத்தைவிட நெருக்கமாகப் பட்டது.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் கொடுத்ததற்காகத் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவரும் அவரே. ஆனால் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், எந்த ஜனங்களோடு வாழ்ந்தாரோ அந்த ஜனங்களையே தாழ்த்திப் பேசியது. அந்தச் சமூகத்துப் படித்தவர்கள் பிற்காலத்தில் கொதித்து எழுந்து ஆட்சேபித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வந்தவர் பார்வை எவ்வளவு கூர்மையானாலும், மேலிருந்து பார்க்கிற பார்வை என்பது அந்த நூலில் வெளிப்படையாகத் தெரிகிறது.

நான் பையில் சுமந்து வந்த திருநெல்வேலிச் சரித்திரம் 1881-இல் வெளியானது. புலித்தேவரையும் யூசுப் கானையும் ஃபுல்லர்ட்டனையும் ஊமைத்துரையையும் அந்தத் தாயையும் சேர்த்துக் கட்டி ஒரே இடத்தில் நமக்குக் கொடுத்த புத்தகம் அது. அதன் நீண்ட தலைப்பே அது எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுகிறது: சீமை 1801-இல் ஆங்கில அரசாங்கத்திடம் வந்து சேர்ந்ததோடு. பாளையங்கள் ஜமீன்களாக மாறியது, கோட்டை இடித்த மண்ணை ஜனங்கள் எப்படி உழுதார்கள், தாது வருஷத்தில் எத்தனை ஊர் காலியானது, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசகசாலை திறந்தபோது யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த எண்பது வருடங்களில் நாற்பதை கால்டுவெல் இதே மணலில் நின்று தன் கண்ணால் பார்த்திருந்தார். மிஷன் சரித்திரத்துக்கு அவர் வேறு புத்தகம் எழுதினார். கும்பினியும் ராணியும் ஆண்ட காலத்துக் கிராமங்களின் சரித்திரத்தை எழுதவில்லை. அதற்கான காகிதங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் ஜமீன் வீடுகளின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. சேத்தூர், சிவகிரிப் பக்கத்துப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் படிக்க வேண்டும்.